வாசகர் கேள்வி – பதில்: கிளைடரில் பறக்கிற பிள்ளை

கேள்வி: ஜேர்மனியில் இருக்கும் என் அக்காவின் மகனுக்கு 15 வயது. கிளைடர் ஓட்டப் பழகி இப்போது தனியாகவே பறக்கிறானாம். எஞ்சின் இல்லாத விமானம் என்றதுமே எனக்கு நெஞ்சு பதறுகிறது. கிளைடர்கள் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டாம். அவ்வளவு பெரிய வானத்தில் அது எப்படி நடக்கும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் எஞ்சினைப் பற்றிய பயத்தை விடுங்கள். ஒரு கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிற நல்ல கிளைடர், அமைதியான காற்றில் 40 கிலோமீற்றர் வரை வழுக்கிக்கொண்டு போகும். அதற்குள் இறங்க இடம் பார்த்துக்கொள்ளலாம். 14 வயதிலிருந்து தனியாகப் பறக்க அங்கே சட்டமே இடம் கொடுக்கிறது, அதுவும் பயிற்றுநர் சரி என்ற பிறகுதான். ஆனால் மோதல் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம்.

வானம் பெரிதுதான், தூக்கிவிடுகிற காற்று எல்லா இடத்திலும் இல்லையே. வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும்பும் காற்றைத் தெர்மல் என்பார்கள், நம் ஊர்ப் பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டே மேலே போவதும் அதில்தான். ஒரு கிளைடர் அதில் ஏறுவதைக் கண்டால் பக்கத்தில் பறப்பவர்களும் அங்கேயே வந்து சேருவார்கள், போட்டி நாளென்றால் நெரிசல்தான். அதனால் முதலில் வந்தவர் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறாரோ அந்தப் பக்கமாகத்தான் பின்னால் வருபவரும் சுற்ற வேண்டும். இன்னொருவருக்கு நேர் கீழேயோ நேர் பின்னாலேயோ ஒளிந்து நிற்கக் கூடாது, அவரால் உங்களைப் பார்க்கவே முடியாது. மலைச்சரிவை ஒட்டி இருவர் எதிரெதிரே வந்தால், சரிவை இடப்பக்கம் வைத்திருப்பவர்தான் விலகிக்கொடுக்க வேண்டும், மற்றவருக்கு விலக இடமில்லை.

இவ்வளவு விதி இருந்தும் மோதுவது ஏனென்றால், நம் கண் அசைவைத்தான் பிடிக்கும். காலி வீதியைக் கடக்க நிற்கும்போது குறுக்கே ஓடுகிற முச்சக்கரவண்டி உடனே கண்ணில் படுகிறது. நேராக நம்மோடு மோத வருகிற கிளைடரோ கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாத புள்ளியாக, பூச்சி ஒட்டியது போல நிற்கும், கடைசி சில விநாடிகளில்தான் மளமளவென்று பெருக்கும். இருவரும் மணிக்கு 100 கிலோமீற்றரில் எதிரெதிரே வந்தால், இடையில் இருக்கிற ஒரு கிலோமீற்றர் 18 விநாடியில் தீர்ந்துவிடும். அப்புறம் யோசிக்க எங்கே நேரம்?

இதற்காகவே சுவிஸ்காரர்கள் 2004இல் ஃபிளாம் என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தார்கள். தான் இருக்கும் இடத்தையும் அடுத்த சில விநாடிகளில் போகப்போகும் பாதையையும் றேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும், இன்னொரு கிளைடரின் பாதை அதோடு முட்டுவதாக இருந்தால் சத்தம் போட்டுத் திசையையும் காட்டும். ஆனால் மற்ற விமானத்திலும் பொருத்தமான கருவி இருந்தால்தான் அதைக் கண்டுபிடிக்கும். ஆகவே அவன் அடுத்த முறை போன் எடுக்கும்போது "போகாதே" என்று சொல்லாதீர்கள். ஃபிளாம் வேலை செய்கிறதா, பாரசூட் போடுகிறாயா, திரும்புவதற்கு முன் அந்தப் பக்கம் பார்க்கிறாயா என்று கேளுங்கள்.

கேள்வி: எளிதில் தெரிகிற மாதிரி சிவப்பு, கறுப்பு என்று நிறம் பூசினால் என்ன?
– மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: நல்ல கேள்வி தம்பி. இன்றைய கிளைடர்கள் பெரும்பாலும் கண்ணாடியிழையும் கரியிழையும் பிசினும் சேர்த்துச் செய்தவை. கடும் நிறம் வெயிலை உறிஞ்சிச் சூடேறும், சூடேறினால் பிசின் பலம் குறையும். அதனால்தான் வெள்ளை. மூக்கிலும் சிறகு நுனியிலும் சிவப்புப் பட்டை போடுவார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: மோதிவிட்டால் தப்ப முடியுமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: உயரம் இருந்தால் முடியும். 2006 ஓகஸ்டில் அமெரிக்காவின் நெவாடாவில், சுமார் 16,000 அடி உயரத்தில் ஒரு கிளைடரும் சிறு ஜெட் விமானமும் மோதின. கிளைடர்காரர் பாரசூட்டில் குதித்து இறங்கினார். மூக்கு கிழிந்த ஜெட், சில்லு இறங்காமலே வயிற்றால் தரையிறங்கியது, அதிலிருந்த ஐந்து பேரும் பிழைத்தார்கள். மற்ற விமானங்களுக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் ட்ரான்ஸ்பொண்டர் அந்தக் கிளைடரில் இருந்தது. பற்றரி மிச்சம் பிடிக்க அதை நிறுத்தி வைத்திருந்தார்.