வாசகர் கேள்வி – பதில்: அயல் படை களமிறங்கும்போது

கேள்வி: ரஷ்யாவுக்காகப் போரிட வந்த வடகொரிய வீரர்களைக் கூலிப்படை என்று எழுதுகிறார்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள ஊரில் பிறந்த எனக்கு அச்சொல் நெருடுகிறது. அது சரிதானா? உக்ரைன் அவர்களை எவ்வாறு எதிர்கொண்டது?
– ஓய்வுபெற்ற ஹவில்தார், கம்மவான்பேட்டை

பதில்: தங்கள் நெருடல் நியாயமானதே. போர் விதிகளை வகுக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறையின் 47ஆம் பிரிவு, சொந்த ஆதாயத்துக்காகப் பிறர் போரில் புகுபவரையே கூலிப்படையினர் என்கிறது. தம் அரசால் ராணுவப் பணியாக அனுப்பப்பட்டவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். (அவருக்கான பணம் யார் கைக்குப் போகிறது என்பது வேறு கதை.) 2024 ஜூனில் ரஷ்யாவும் வடகொரியாவும் பியோங்யாங்கில் கையெழுத்திட்ட ஒப்பந்தம், ஒரு நாடு தாக்கப்பட்டால் மற்றது ராணுவ உதவி செய்ய வேண்டும் என்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் உக்ரைன் படை ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குள் நுழைந்தது. சில மாதங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வடகொரியர் அங்கே வந்து சேர்ந்தனர்.

தொடக்கத்தில் அவர்கள் பனி மூடிய திறந்த வெளியில் கூட்டமாக நடந்து முன்னேறியதால் ட்ரோன்களுக்கு எளிதில் இலக்காயினர். ஆனால் விரைவில் கற்றுக்கொண்டனர்: ஒருவர் தூண்டிலாக நின்று ட்ரோனை ஈர்க்க, மற்ற இருவர் அதைச் சுட்டு வீழ்த்தும் முறை, உக்ரைன் தரப்பு கைப்பற்றி வெளியிட்ட ஒரு குறிப்பேட்டில் படமாகவே வரையப்பட்டிருந்தது. என் கணிப்பில், உக்ரைன் கையாண்ட கூர்மையான ஆயுதம் ட்ரோன் அன்று, கொரிய மொழி. சரணடைந்தால் உயிருக்கும் உணவுக்கும் உத்தரவாதம் என்று கொரிய மொழியில் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் உயிருடன் பிடிபட்ட இருவரைக் கீவ் நகருக்குக் கொண்டுசென்று, தென்கொரிய உளவுத்துறையின் துணையோடு அவர்களுடைய மொழியிலேயே விசாரித்தார்கள். வடகொரியப் படை வந்திருப்பதை ரஷ்யா, வடகொரியா ஆகிய இரு அரசுகளும் அதுவரை ஒப்புக்கொள்ளாத நிலையில் (ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டன), ஆயிரம் சடலங்களைவிடப் பேசக்கூடிய ஒரு கைதி வலுவான சாட்சி. பிடிபடுமுன் உயிரை மாய்த்துக்கொள்ளும்படி வீரர்களுக்குக் கட்டளை இருந்ததாகத் தென்கொரிய உளவுத்துறை கூறியதன் பொருளும் இங்குதான் விளங்குகிறது.

கேள்வி: பிடிபட்டவர் தாயகம் திரும்ப மறுத்தால்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: போர் ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமின்றித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது 1949இன் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை. ஆனால் கொரியப் போரின் முடிவில் ஆயிரக்கணக்கானோர் திரும்ப மறுத்தபோது, 1953இல் நம் ஜெனரல் திம்மையா தலைமையிலான நடுநிலை நாடுகளின் ஆணையமே அவர்களை ஒவ்வொருவராக எதிர்கொள்ள நேர்ந்தது. இரு கொரியாக்களையும் வேண்டாமென்ற சிலர் இந்தியப் படையுடன் இங்கேயே வந்துவிட்டனர்.

கேள்வி: நம் ஆற்காட்டு முற்றுகையும் இத்தகையதுதானே?
– கல்லூரி மாணவி, ஆற்காடு

பதில்: ஓரளவுக்குத்தான். 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நவாப் அன்வருதீன் வீழ்ந்தது, நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையாலேயே. அன்வருதீனின் மகன் முகமது அலி திருச்சியில் முற்றுகையில் சிக்கியபோது கும்பினியாரின் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின்) துணையை நாடினார். எதிரியைத் திசைதிருப்ப, கும்பினிப் படையின் ராபர்ட் கிளைவ் 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் 1751இல் ஆற்காட்டைப் பிடித்தார். அங்கே உள்ளிருந்து காத்ததும் அயலார், வெளியே சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபோடு நின்றவர்களிலும் அயலார் உண்டு! ஐம்பது நாள் முற்றுகையின் முடிவில், நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவை இடிக்க ஏவினார்கள். துப்பாக்கிக் குண்டு பட்ட யானைகள் திரும்பி ஏவியவர்களையே மிதித்தன. கோட்டை தாங்கி நிற்பதைக் கண்டபின்தான், அதுவரை ஒதுங்கியிருந்த மராட்டியத் தளபதி முராரி ராவ் உதவ முன்வந்தார். தானே தாக்குப்பிடிப்பவனுக்குத்தான் துணை வரும் என்ற அந்தக் கணக்கு கீவ் அரசுக்கும் தெரியும்.

வேறுபாடு, பின்னர் வந்த கணக்கில் இருக்கிறது. போர்ச்செலவு கும்பினியாரிடம் முகமது அலி பட்ட கடனாக வளர்ந்தது. 1801இல் கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டு நவாபின் நாட்டின் ஆட்சி முழுவதும் அவர்கள் கைக்குப் போயிற்று. தாங்கள் நாள்தோறும் பார்க்கும் ஆற்காட்டுக் கோட்டையின் டெல்லி வாசல், நவாபின் பெயரால் அல்ல, கிளைவின் பெயரால்தான் இன்றும் பேசப்படுகிறது.