வாசகர் கேள்வி – பதில்: ரீஃபரும் மின்சாரமும்

கேள்வி: அன்னாசி ஏற்றுமதி செய்கிறோம். கொழும்புத் துறைமுக யார்டில் நிற்கும் எங்கள் ரீஃபர் கொள்கலன் (குளிரூட்டும் கொள்கலன்) ஏன் இவ்வளவு மின்சாரம் இழுக்கிறது? குறைக்க முடியுமா?
– வாசகர், வத்தளை

பதில்: முடியும். ஆனால் முதல் வேலை உங்கள் பொதியிடும் கொட்டகையில்தான். ஏற்கெனவே குளிர்ந்த சரக்கின் குளிரைக் காப்பதற்கே ரீஃபர் இயந்திரம் இருக்கிறது. 28 பாகையில் உள்ள 20 தொன் பழத்தை 8 பாகைக்கு இறக்க ஏறத்தாழ 400 அலகு (kWh) வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். பழம் சுவாசித்து வெளிவிடும் வெப்பம் இதில் சேரவில்லை. கம்பிரசர் நாட்கணக்கில் ஓய்வின்றி ஓடுவது இதனால்தான். ஆகவே பழத்தைக் குளிரறையில் குளிர்வித்த பிறகே ஏற்றுங்கள்.

அடுத்தது அடுக்கும் முறை. குளிர்காற்று தரையிலுள்ள கால்வாய்கள் வழியே வந்து, பெட்டிகளினூடே மேலெழுந்து, கூரையடியால் திரும்புகிறது. தரையில் வெற்றிடம் விட்டால் காற்று அந்த வழியாகவே ஏறித் திரும்பிவிடும், நடுவிலுள்ள பழம் சூடாகவே இருக்கும். கொள்கலனின் உட்சுவரிலுள்ள சிவப்புக் கோட்டுக்கு மேல் அடுக்கினால் திரும்பும் காற்று அடைபடும்.

கொழும்பின் ஈரக்காற்றையும் மறக்கக்கூடாது. வெறும் கொள்கலனை முன்கூட்டிக் குளிர்வித்து, வெளிமேடையில் கதவைத் திறந்து வைத்தால் உள்ளே வரும் ஈரம் குளிர்ச்சுருளில் பனியாக உறையும். அதை உருக்க ஹீட்டர் ஓடும், பிறகு அந்தச் சூட்டையும் இயந்திரமே வெளியேற்ற வேண்டும். காற்றோட்டத் துளையைத் தேவைக்கு மேல் திறந்தாலும் இதேதான் நடக்கும். கதவு இறப்பரில் ஒரு தாளை வைத்துக் கதவை மூடுங்கள். இலகுவாக உருவ முடிந்தால் அங்கே கசிகிறது.

துறைமுக முனையத்தின் பங்கும் உண்டு. ரீஃபர் அடுக்குகளுக்கு மேல் நிழற்கூரை போட்டால் வெயில் சுமை குறையும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மின்கட்டணம் உச்சத்தில் இருக்கும். அந்நேரத்தில் –18 பாகையில் நன்கு உறைந்த சரக்குகளைக் குழுக்குழுவாகச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கலாம்; பழம், மரக்கறிக்கு இது ஆகாது. மின்வெட்டு முடிந்ததும் எல்லாக் கம்பிரசர்களையும் ஒரே நொடியில் தொடங்க விடக்கூடாது. ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தின் உச்ச அளவு ஏறினால் அதற்குத் தனியாகப் பணம் கட்ட நேரிடும்.

கேள்வி: யார்டில் கொள்கலன்களை அடுக்கும் டயர் சக்கரப் பாரந்தூக்கிகளை டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றுவதால் உண்மையில் மிச்சம் உண்டா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உண்டு. லொறி வரும்வரை காத்திருக்கும்போதும் டீசல் மின்பிறப்பாக்கி ஓடிக்கொண்டே இருக்கிறது. கொள்கலனைப் பற்றித் தூக்கும் பிடிச்சட்டத்தோடு சேர்த்து 40 தொன் சுமையை 12 மீற்றர் இறக்கினால் சுமார் 1.3 அலகு சக்தி கிடைக்கும். பழைய பாரந்தூக்கியில் அது தடைச்சுருளில் சூடாகி வீணாகிறது. மின்வலையமைப்போடு இணைத்தால், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் செலுத்தியும் அதற்கேற்றதாக இருந்தால், அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பலாம். பாரந்தூக்கி ஒரு கொள்கலன் வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மின்சாரம் தரும் கேபிளைக் கழற்ற வேண்டும். அந்நேரம் நகர ஒரு சிறு டீசல் இயந்திரமோ பற்றரியோ வேண்டும். கேபிள் ஓடும் பள்ளத்தில் மழைநீரும் மண்ணும் தேங்கவிடாதீர்கள். கேபிளின் உறை அங்கேதான் தேய்ந்து பழுதாகும்.