ஊசி போட்டும் வலித்தது ஏன்?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லை அகற்றியபோது, மரத்துப்போகும் ஊசி போட்டும் வலித்தது. இப்போது அவ்விடத்தில் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) பொருத்த முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: அவசியம் என்றே கூறுவேன். கீழ்ப்பற்களுக்கு உணர்வளிக்கும் நரம்பு, தாடையின் பின்பகுதியில் உட்புறமாக எலும்புக்குள் நுழைந்து, ஒரு கால்வாய் வழியாக முன்னோக்கி வந்து, முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழுள்ள துளை வழியாக உதட்டுக்கும் முகவாய்க்கும் கிளை அனுப்புகிறது. சிலருக்கு இந்தக் கால்வாய் இரண்டாகப் பிரிந்திருக்கும். சிலருக்குக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் தனிக் கால்வாயே இருக்கும். வழக்கமான இடத்தில் போடும் ஊசி இக்கிளைகளை எட்டாவிட்டால் வலி எஞ்சும் (தொற்று இருந்தாலும் மருந்தின் வேகம் குறையும்). ஆகவே நீங்கள் உணர்ந்த வலி கற்பனையன்று.

இம்ப்ளான்ட்டுக்காகத் துளையிடும்போது கால்வாயின் ஆழத்தை அறியாமல் நரம்பைத் தொட்டுவிட்டால், கீழுதடு மாதக்கணக்கில், சில வேளைகளில் நிரந்தரமாகவே மரத்துப்போகலாம். அதைவிடக் கவலைக்குரியது, சிலருக்குத் தாடையின் நாக்குப் பக்கம் ஆழமாக உட்குழிந்திருப்பது. அங்கே துளை எலும்பைக் கடந்து இரத்தக்குழாய் அறுபட்டால், வாயின் அடித்தளம் வீங்கி மூச்சே தடைபடக்கூடும். இரு பரிமாண எக்ஸ்ரே இந்தக் குழிவைக் காட்டாது. கருவுற்றிருந்தால் மட்டும் ஸ்கேனுக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள்.