விலை கூடிய ஃபார்மல் ஷூ பத்து வருடம் உழைக்குமா?

கேள்வி: 2,500 ரூபாய்க்கு வாங்கும் ஃபார்மல் ஷூ ஒரு வருடத்தில் வாயைப் பிளந்துவிடுகிறது. 12,000 ரூபாய் கொடுத்து வெளிநாட்டு பிராண்ட் வாங்கினால் பத்து வருடம் வருமா? நம் ஊர்த் தயாரிப்புகள் ஏன் இவ்வளவு மட்டமாக இருக்கின்றன?

அந்தக் கடைசி வரி மட்டும் இல்லையென்றால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிருப்பேன்.

நான் ஆம்பூர்க்காரி. உடனே பிரியாணி என்று ஆரம்பிக்க வேண்டாம். எங்கள் தெருவில் ஷூ கம்பெனிக்கு ஆள் போகாத வீடு குறைவு. கல்யாணத்துக்கு முன் நானும் போனேன். முதலில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் செக்‌ஷன், அப்புறம் ஷூ பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாகப் பார்க்கும் செக்கிங். நாங்கள் பெட்டியில் அடுக்கிய ஜோடிகளில் பெரும்பாலானவற்றின் மேல் ஐரோப்பியப் பெயர்தான் இருக்கும். நீங்கள் 12,000 கொடுத்து வாங்கப் போகும் 'வெளிநாட்டு' ஷூ வாணியம்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ தைத்ததாகக்கூட இருக்கலாம். நாக்கின் உள்பக்க லேபிளைப் படித்துப் பாருங்கள். அதனால் ஊரைத் திட்டுவதை விடுங்கள், ஷூவைப் பார்ப்போம்.

"பொம்பளைக்கு ஆம்பளை ஷூவைப் பற்றி என்ன தெரியும்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இப்போது உங்கள் காலில் இருக்கும் ஷூவின் மேல்தையலைப் போட்டது அநேகமாக ஒரு பெண்தான்.

சரி. உங்களிடம் இருப்பது ஒரே ஜோடி, அதைத் தினமும் போடுகிறீர்கள், பைக்கில் போகிறீர்கள், மழையில் நனைந்தாலும் மறுநாள் அதையே மாட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு வருடத்தில் வாயைப் பிளக்கும் ஷூக்களின் கதை பெரும்பாலும் இதுதான். எங்கள் வீட்டுக்காரர் கதையும் இதேதான்.

அவர் மருந்து கம்பெனி ரெப். காலையில் மாட்டுகிற ஷூவை இரவு டாக்டர்கள் கடைசி டோக்கனைப் பார்த்து முடிக்கும்வரை கழற்ற மாட்டார். கியர் மாற்றி மாற்றி இடது ஷூவின் மேல்பக்கம், பெருவிரலுக்கு நேர் மேலே, பாலீஷ் போய் நிரந்தரமாக ஒரு தழும்பு இருக்கும். புரமோஷன் வந்த சந்தோஷத்தில் ஒரு மாலில் போய் நல்ல விலைக்கு ஒரு ஜோடி வாங்கி வந்தார். என்னிடம் காட்டவில்லை. காட்டினால் பிரித்து மேய்ந்துவிடுவேன் என்று தெரியும். அடுத்த மழைக்காலத்தில் வலது ஷூவின் முன்பக்கம் திறந்துகொண்டது.

"எவ்வளவு கொடுத்தீங்க?" என்றேன்.

"அதை விடு" என்றார்.

பேப்பரை விரித்துத் தரையில் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். முதலில் உள்ளே பாதம் படும் இடத்தில் ஒட்டியிருந்த சாக் லைனிங்கை உரித்தேன். அதற்கு அடியில் இருந்த இன்சோல் என்கிற உள் அடித்தளம் தோல் இல்லை, அழுத்திய அட்டை. இதைக் குற்றம் சொல்ல மாட்டேன், எத்தனையோ உருப்படியான ஷூக்களிலும் இதுதான் இருக்கும். சோலைப் பிடித்து லேசாக இழுத்தேன், ஸ்டிக்கரை உரிப்பது மாதிரி குதிகால்வரை கையோடு வந்துவிட்டது. பசை முழுக்க சோலோடு போயிருந்தது, தோல் பக்கம் ஒரு பொட்டுகூட இல்லை. அப்பர் தோல் அடியில் மடிந்து வரும் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று, தோலின் பளபளப்பு அப்படியே இருந்தது.

கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பரை லாஸ்ட் என்கிற கால் வடிவ அச்சின் மேல் இழுத்து மடித்தபின், மடிந்த விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி நார் தெரியும்படி ஆக்க வேண்டும். ரஃபிங் என்போம். அந்த நாருக்குள் இறங்கினால்தான் பசை பிடிக்கும். அப்புறம் பசை தடவி, காயவிட்டு, சூடு காட்டி, சோலை வைத்துப் பிரஸ்ஸில் அழுத்துவார்கள். ரஃபிங்கில் அவசரப்பட்டால் மற்ற அத்தனையும் வீண். புது ஷூவில் இது கண்ணுக்குத் தெரியாது, மழை ஒன்று வந்தால்தான் தெரியும்.

இதில் என் வயிறு எரிந்த காரணம் வேறு. அந்த ஷூவின் தோல் அருமையான தோல். மேல்பரப்பைச் சுரண்டாத முழுத் தோல், மடிப்பு விழும் இடத்தில்கூட ஒரு வெடிப்பு இல்லை. உள் லைனிங்கும் தோல்தான். விலை எல்லாம் அங்கே போயிருக்கிறது. ஷூ போனது ஒரு நிமிட வேலையில்.

இதிலிருந்தே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும். அடிமட்ட விலையில் கிடைக்கும் 'லெதர்' ஷூவில் இருப்பது பல நேரம் தோலின் அடி அடுக்கு. அதன் மேல் பிளாஸ்டிக் படலம் பூசி, தோல் மாதிரி ரேகை அழுத்தியிருப்பார்கள். விரல் மடங்கும் இடத்தில் அந்தப் படலம் உடைந்து உரிந்துவிடும். எந்த பாலீஷாலும் அதைக் காப்பாற்ற முடியாது. இதிலிருந்து ஒரு படி மேலே போகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் உண்மையிலேயே உழைக்கும். நல்ல தோல், தோல் லைனிங், அமுங்கிப் போகாத குதிகால் பகுதி எல்லாம் கிடைக்கும். அதற்கும் மேலே கொடுப்பது கடை வாடகைக்கு, விளம்பரத்துக்கு, பெயருக்கு. வரியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. தைத்த கைக்கு இதில் எவ்வளவு என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

இப்போது ஷூ ரசிகர்கள் வருவார்கள். "அக்கா, பசையில் ஒட்டிய பேஸ்டிங் ஷூவை வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். குட்இயர் வெல்ட் வாங்கச் சொல்லுங்கள்." தம்பி, வெல்ட் ஷூவின் அழகு எனக்கும் தெரியும். இன்சோலின் அடியில் ஒரு வரம்பு இருக்கும். அப்பரையும் வெல்ட் என்கிற தோல் பட்டையையும் அந்த வரம்போடு சேர்த்து ஒரு தையல். ஷூவைச் சுற்றி வெளியே நிற்கும் அந்தப் பட்டையோடு சோலைச் சேர்த்து இரண்டாவது தையல். நடுவில் இருக்கும் பள்ளத்தில் கார்க்கை நிரப்புவார்கள். போடப் போட அது உங்கள் பாதத்துக்கு ஏற்றபடி அமுங்கும். சோல் தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் அறுத்துப் புது சோல் தைக்கலாம், அப்பரைத் தொட வேண்டியதே இல்லை. 1870-களில் இந்த மெஷினைக் கொண்டுவந்தவர் சார்லஸ் குட்இயர் ஜூனியர், ரப்பரைப் பதப்படுத்தினாரே அவருடைய மகன். டயர் கம்பெனிக்கும் இந்தக் குடும்பத்துக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிளேக் தையல் என்று இன்னொன்று உண்டு. சோலையும் இன்சோலையும் நேராக ஒரே தையலில் பிடிக்கும். எடை குறைவு, வளைந்து கொடுக்கும், ஆனால் தண்ணீர் தையல் வழியாக நேராக உள்ளே ஏறும்.

ஆனால் வெல்ட் ஷூ நிறைய நாள் வருவது அதை மறுபடி மறுபடி சோல் மாற்றிப் போடுகிறவனுக்கு. உங்கள் ஊரில் வெல்ட் தையல் போடும் மெஷின் யாரிடம் இருக்கிறது? சென்னையிலேயே தேடி அலைய வேண்டும். சிறிய ஊரில் இருந்தால் கூரியரில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாற்ற ஆள் இல்லையென்றால் அதுவும் ஒரு சோல் ஆயுள்தான். யாரிடம் கொடுப்பது என்று முதலில் விசாரித்துவிட்டு வெல்ட் ஷூ வாங்குங்கள். இதை வெல்ட்டுக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.

போலி வெல்ட்டும் நிறைய நடமாடுகிறது. ஓரத்தில் அழகாகத் தையல் போட்ட பட்டையை ஒட்டிவிட்டு, சோலைப் பசையில் ஒட்டியிருப்பார்கள். ஷூவைத் திருப்பிப் பாருங்கள். மேலே இருக்கும் தையலுக்குச் சரியாக அடியிலும் ஒரு பள்ளத்தில் நூல் ஓடினால் நல்ல அறிகுறி. விலை உயர்ந்த தோல் சோலில் அந்தப் பள்ளத்தை மூடியிருப்பார்கள், அது வேறு. மூவாயிரம் ரூபாய் ரப்பர் சோலில் அடியில் நூலே இல்லையென்றால் மேலே தெரிகிற தையல் வெறும் அலங்காரம்.

வீட்டுக்காரர் ஷூவுக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் மரத்தடியில் உட்கார்ந்து தைக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். வாங்கி, சோலை வளைத்து, நகத்தால் கீறிப் பார்த்தார். "டிபிஆர் சோலும்மா. வெறும் சொல்யூஷன் நிக்காது. தச்சுத் தர்றேன்" என்றார். சரியாகச் சொன்னார். டிபிஆர் என்பது ரப்பர் மாதிரியான ஒரு வகை பிளாஸ்டிக். அந்த சோலுக்கு முதலில் அதற்கென்று ஒரு பிரைமர் தடவ வேண்டும், இல்லாவிட்டால் பசை வேலைக்கு ஆகாது. அது அவரிடம் இல்லை, அதனால் தையல். அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? அரத்தை எடுத்து அந்த வழவழ விளிம்பைச் சுரண்டினார். கம்பெனியில் விட்டுப்போன ரஃபிங்கை நடுரோட்டில் செய்துவிட்டு, பசையும் போட்டு, சுற்றிலும் தைத்துக் கொடுத்தார். ஜோடி இன்னும் ஓடுகிறது. மழை நாளில் மட்டும் வெளியே எடுப்பதில்லை, ஊசித் துளை வழியாகத் தண்ணீர் ஏறும்.

போடாமல் வைத்தே ஷூ பாழாவதும் உண்டு. எங்கள் மாமா பையன் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவைப் பெட்டியோடு பீரோவில் வைத்துவிட்டான். சில வருடம் கழித்துத் தங்கச்சி வரவேற்புக்கு எடுத்து மாட்டினால், மண்டபத்தில் அவன் நடந்த வழியெல்லாம் கறுப்புத் துகள். மேடையில் நிற்கும்போது ஒரு சோலே இல்லை. அது பியூ சோல், பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக். காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே போய்க் கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சிதைத்துவிடும். சென்னை மாதிரி ஊரில் கேட்கவே வேண்டாம். எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் இதுதான் கதி. நிறைய நாள் வைத்திருக்க ஆசைப்பட்டால் ரப்பர் சோல் வாங்குங்கள், கொஞ்சம் கனமாக இருந்தாலும் பரவாயில்லை.

பராமரிப்பு என்றால் எல்லோரும் பாலீஷைப் பற்றியே கேட்கிறார்கள். முதல் எதிரி வியர்வை. நாள் முழுக்கப் போட்ட ஷூவின் உள் ஈரம் ஒரு ராத்திரியில் காயாது. அந்த ஈரமும் உப்பும் லைனிங்கை அரித்து, தோலை விறைக்க வைக்கும். அதனால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஷூவுக்குள் வைக்கும் மரக்கட்டை ஷூ ட்ரீ இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நியூஸ் பேப்பரைக் கசக்கித் திணியுங்கள். நனைந்த ஷூவை வெயிலிலோ ஃப்ரிட்ஜ் பின்னாலோ வைக்காதீர்கள். தோல் சுருங்கி வெடிக்கும், பசையும் இளகும். ஃபேன் காற்று போதும்.

பாலீஷ் போடுவதற்கு முன் தூசியைத் துடையுங்கள். நம் ஆட்கள் தூசி மேலேயே பாலீஷைப் பூசி அரக்குவார்கள், அது உப்புத்தாள் தேய்ப்பதற்குச் சமம். ஸ்பாஞ்ச் வைத்த திரவ பாலீஷ் அவசரத்துக்கு மட்டும். அடுக்கடுக்காகப் படிந்து, மடிப்பில் படலமாக உடையும். அப்புறம் தேங்காய் எண்ணெய். என் மாமியார்கூட இதில் என்னோடு ஒத்துப்போக மாட்டார். எண்ணெய் தோலைக் கறுக்க வைத்து, தொளதொளவென்று ஆக்கி, தெருத் தூசியை எல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். லேசை அவிழ்க்காமல் பின்பக்கத்தை மிதித்து மாட்டும் பழக்கம் இருந்தால் எந்த விலை ஷூவும் பின்னால் உடையும். குதிகால் ஒரு பக்கமாகத் தேய ஆரம்பித்ததும் அந்தத் துண்டை மட்டும் மாற்றிவிடுங்கள், சோல்வரை போக விடாதீர்கள்.

இது உங்கள் கேள்வியில் இல்லைதான், ஆனால் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. என் பையன் பள்ளியில் ஷூவை அவர்கள் கவுண்டரில்தான் வாங்க வேண்டும். கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. வெளியில் கிடைப்பதைவிட விலை அதிகம், தோல் என்ற பேச்சே இல்லை. காற்றே புகாது, சாயந்திரம் பிள்ளையின் பாதம் ஊறிப்போய் வெள்ளையாக இருக்கிறது. அரையாண்டுத் தேர்வுக்குள் சோல் பிரிந்துவிடும். கொண்டுபோய்க் காட்டினேன். "எல்லாரும்தான் வாங்குறாங்க மேடம், நீங்க மட்டும்தான் கேக்குறீங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். ஷூ கம்பெனியில் செக்கிங் பார்த்தவளிடம்! பெரியவர்கள் எந்த ஷூ வேண்டுமானாலும் வாங்கி ஏமாறட்டும், வளரும் காலுக்கு இதையா கட்டாயம் ஆக்குவது? தனிப் பதிவாகவே எழுத வேண்டிய விஷயம், விடுங்கள்.

உங்களுக்கு என் யோசனை: அந்த 12,000-ஐ ஒரே ஜோடியில் போடாதீர்கள். நாலாயிரம், ஐந்தாயிரம் என்கிற விலையில் முழுத் தோல், தோல் லைனிங், ரப்பர் சோல் உள்ள இரண்டு ஜோடி வாங்குங்கள், ஒன்று கறுப்பு, ஒன்று பிரவுன். மிச்சத்தில் ஷூ ட்ரீயும் நல்ல பிரஷ்ஷும். பைக் ஓட்டும்போது பழைய ஷூவோ செருப்போ போட்டுக்கொண்டு ஆபீஸில் போய் மாற்றிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. பத்து வருடம் வருமா என்றால், தினமும் பைக் மிதிக்கும் காலுக்கு நான் அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். இப்போது வருவதைவிட நிச்சயம் பல மடங்கு வரும்.

எந்த பிராண்ட் என்று உள்பெட்டியில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அப்புறம் கமிஷன் வாங்குகிறேன் என்பீர்கள். படம் அனுப்பிக் கேட்பதானால் சோலின் அடிப்பக்கத்தையும், உள்ளே சாக் லைனிங்கைத் தூக்கிவிட்டு ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். பளபளப்பான முன்பக்கத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.