எஸ்டேட் ஷெட்டில் பிறந்த 4 மாத நாய்க்குட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வர மறுக்கிறது. எப்படிப் பழக்குவது?

குன்னூர்ப் பக்கம் விறகு ஷெட்டில் ஆள் பழக்கமே இல்லாமல் வளர்ந்த குட்டி, பிஸ்கட்டைக் காட்டினாலும் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பிஸ்கட்டை நீட்டிக் கூப்பிடுவதை விட்டுவிடுங்கள். பசி முன்னால் தள்ளும், பயம் பின்னால் இழுக்கும். ஒரு நாள் எப்படியோ உடம்பை நீட்டி வந்து வாங்கிவிடும். வாயில் போட்ட பிறகுதான் நீங்கள் இவ்வளவு கிட்டத்தில் இருப்பது அதற்கு உறைக்கும். அடுத்த தடவை இன்னும் எட்டிப் போய்விடும்.

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டைக்குட்டியும் இதே ரகம்தான். அதனிடம் நேர்மாறாகச் செய்தோம். தரையில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்துகொள்வேன், அதன் கண்ணைப் பார்க்க மாட்டேன். வேகவைத்த கோழி ஈரலைக் கடலை அளவுக்குக் கிள்ளி, குட்டிக்குப் பின்பக்கம் விழும்படி போடுவேன். என்னை விட்டு விலகிப் போனால்தான் தீனி! தின்றுவிட்டுத் திரும்பும்போது, அடுத்தது எங்கே என்று பார்க்க அதுவாகவே கொஞ்சம் முன்னால் வரும். அப்போதும் தூரமாகத்தான் போடுவேன். கிட்டே வந்தால் பிடித்துவிட மாட்டார்கள் என்று அதற்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அது தானாக வந்து முகர்ந்தாலும் உடனே தலையில் கை வைக்காதீர்கள். மேலிருந்து இறங்கும் கை அதற்கு மிரட்டல். நெஞ்சுப் பக்கம் இரண்டு மூன்று தடவல், பிறகு கையை எடுத்துவிடுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் தொடரலாம். உதட்டை நக்கினாலோ, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விட்டாலோ, தலையைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்த்தாலோ, போதும் என்கிறது. "பயந்த நேரத்தில் தடவிக் கொடுத்தால் பயம் கூடும்" என்று யாராவது சொல்வார்கள். பயம் அப்படிக் கூடிவிடாது. தகரக் கூரையில் மழை இடிக்கும்போது உங்கள் மடியைத் தேடி வந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாய்க்குட்டிகள் மனிதரை எளிதாக ஏற்கும் பருவம் சுமார் 3 வாரத்தில் தொடங்கி 12, 14 வாரத்தோடு மங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 14 வாரம் வரை ஆள் தொடர்பின்றி வளர்த்த குட்டிகள் காட்டு விலங்கு மாதிரி நடந்துகொண்டதாக 1961-லேயே ஓர் ஆய்வு வெளியானது. உங்கள் குட்டி அந்தப் பருவத்தைத் தாண்டிவிட்டது. வீட்டு ஆட்களிடம் உயிரையே வைக்கும், ஆனால் வரும் போகும் எல்லாரிடமும் வாலாட்டும் நாயாக எதிர்பார்க்காதீர்கள்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை, மழைக்கோட்டும் குரங்குக்குல்லாவும். நேற்றுப் பழகிய ஆளே இன்று பூதமாகத் தெரிவார். கோட்டை நாற்காலியில் போட்டு, அதைச் சுற்றி ஈரலைப் போட்டு வையுங்கள். பக்கத்து வீட்டு அக்கா பாசத்தில் வர்க்கி பிஸ்கட் கொண்டுவருவார். மைதாவும் வனஸ்பதியும் குட்டிக்கு வேண்டாம், அக்கா மட்டும் வேண்டும். அவர் கையிலும் ஈரலைக் கொடுத்துத் தூரத்தில் உட்கார வையுங்கள்.

பழகுவதற்கு முன் வெளியே அழைத்துப் போவதானால் கழுத்துப் பட்டை மட்டும் போதாது. மிரண்டு பின்னால் இழுத்தால் தலை உருவிவிடும், தேயிலைக்குள் புகுந்தால் துரத்தத் துரத்த ஓடும். நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள். ராத்திரி வெளியே கட்டவே கட்டாதீர்கள். சிறுத்தை நடமாட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல.

3 மாதம் தாண்டிவிட்டதால் வெறிநோய்த் தடுப்பூசியை இப்போதே போட்டுவிடலாம். மருத்துவர் வீட்டுக்கு வருவாரா என்று கேட்டுப் பாருங்கள். அதற்குள் பயத்தில் உங்களைக் கடித்துவிட்டால், சின்னக் கீறலானாலும் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வெறிநோய்ச் சிகிச்சைக்காக 1907-ல் தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் இருக்கும் குன்னூரில் உட்கார்ந்துகொண்டு மஞ்சள் பொடி அப்பாதீர்கள்.