நெட்வொர்க் சொற்களுக்கு விளக்கம் தெரிகிறது, ஆனால் பழுது வந்தால் கை ஓடவில்லை. எப்படிப் படிப்பது?

சிஸ்டம் அட்மின் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், சப்நெட், கேட்வே, டிஎன்எஸ் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லத் தெரிகிறது, ஆனால் ஏதாவது நின்றுபோனால் எங்கே தொடங்குவது என்று புரியவில்லை என்கிறீர்கள். நானும் அந்த நிலையில் இருந்தவன்தான். ஒவ்வொரு சொல்லையும், அந்த விஷயம் தப்பாகப் போனால் திரையில் என்ன தெரியும் என்பதோடு சேர்த்துப் படியுங்கள்.

சப்நெட் மாஸ்க்கையே எடுத்துக்கொள்வோம். 'முகவரியில் நெட்வொர்க் பகுதியையும் ஹோஸ்ட் பகுதியையும் பிரித்துக் காட்டுவது' என்று நேர்முகத் தேர்வில் கடகடவென்று சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் 10.20.5.15 என்ற முகவரியில் ஒரு சர்வரை அமைத்தேன். இணையம் வந்தது. பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பதில் சொன்னது. 10.20.9.30-இல் இருந்த டேட்டாபேஸை மட்டும் எட்ட முடியவில்லை. ஃபயர்வால்தான் தடுக்கிறது என்று முடிவுகட்டி, அதைப் பார்த்துக்கொள்பவர்களை அரை நாள் தொந்தரவு செய்தேன். அவர்கள் பக்கம் ஒரு பாக்கெட்கூட வந்து சேரவில்லை என்றார்கள்.

அப்புறம்தான் என் சர்வரிலேயே, போய் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டேன். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: 'ஹூ-ஹேஸ் 10.20.9.30 டெல் 10.20.5.15'. அந்த முகவரி யாருடையது, எனக்குச் சொல்லுங்கள் என்று சர்வர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, பதில் சொல்ல ஆளில்லை. இதுதான் ஏஆர்பி. மாஸ்க்கில் ஸ்லாஷ் 24 (முதல் 24 பிட் நெட்வொர்க் பகுதி, 255.255.255.0) கொடுக்க வேண்டிய இடத்தில் ஸ்லாஷ் 16 கொடுத்திருந்தேன், அதாவது 255.255.0.0. அதனால் 10.20 என்று தொடங்குகிற எல்லாமே தன் தெருவில்தான் இருக்கிறது என்று சர்வர் நம்பிவிட்டது. பக்கத்து வீடு என்றால் ஏஆர்பி மூலம் அதன் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியைக் கேட்டு நேரே கொடுக்கும். வெளியூர் என்றால் டீஃபால்ட் கேட்வேயிடம் ஒப்படைக்கும். டேட்டாபேஸ் இருந்ததோ ரவுட்டருக்கு அந்தப் பக்கம். ஏஆர்பி கூப்பாடு ரவுட்டரைத் தாண்டாது. இணைய முகவரிகள் எதுவும் 10.20-இல் தொடங்காததால் அவை ஒழுங்காகக் கேட்வே வழியே போய் வந்தன. மாஸ்க், ஏஆர்பி, கேட்வே என்று தனித்தனியாகப் படித்த மூன்றும் ஒரே முடிவின் மூன்று பக்கங்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நெட்வொர்க்கில் நான் கற்றதிலேயே பெரிய பாடம் அதுதான்.

இதேபோல, 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்', 'டைம்டு அவுட்' இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். மறுத்தார்கள் என்றால், பெரும்பாலும் அந்த இயந்திரம் வரைக்கும் பாதை சரியாக இருக்கிறது, அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். சர்வீஸ் நின்றிருக்கலாம், அல்லது 127.0.0.1-இல் மட்டும், அதாவது அதே இயந்திரத்துக்குள்ளேயே, கேட்டுக்கொண்டிருக்கலாம். பதிலே வராமல் நேரம் கடந்தால் வழியில் தேட வேண்டும்: ரவுட், ஃபயர்வால், இறந்து கிடக்கும் இயந்திரம். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் பாதித் தேடல் மிச்சம்.

ஒரு கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரியைப் பார்த்தால், பெரும்பாலும் முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபியிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. கேபிள், விலான் (ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது), டிஎச்சிபி சர்வர் என்று அந்த வரிசையில் பாருங்கள்.

சீனியர்கள் இன்னமும் ஸ்லாஷ் 24-ஐ 'கிளாஸ் சி' என்பார்கள். அது முகவரிகளை ஏ, பி, சி என்று நிலையான அளவுகளில் பிரித்த பழைய முறை. எந்த நீள மாஸ்க்கையும் அனுமதிக்கும் சிஐடிஆர் 1993-இல் வந்ததிலிருந்து அந்த வகுப்புக் கணக்கு இல்லை. என்ன சொல்கிறார்கள் என்று புரிந்தால் போதும். ஆனால் உள் நெட்வொர்க்குக்கான தனியார் முகவரிகளாக, 172-இல் தொடங்குபவற்றில் 172.16 முதல் 172.31 வரைதான் நம்முடையது என்பதை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள். 172 என்றாலே உள் நெட்வொர்க் என்று நினைத்து ஃபயர்வால் விதி எழுதுவது ஆபத்து.

ஒரே பெயரில் இரண்டு பொருள் இருக்கும் சொற்களும் உண்டு. போர்ட் என்றால் ஸ்விட்ச்சில் கேபிள் செருகும் துளையா, 443 போன்ற எண்ணா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிடிஎல் அப்படித்தான். ஐபி பாக்கெட்டில் அது ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் எண். பூஜ்யமானால் பாக்கெட் தூக்கி எறியப்படும். டிஎன்எஸ்ஸில் அது விநாடிக் கணக்கு, பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பது. ஒரு சர்வரின் முகவரியை மாற்றப்போகிறீர்கள், டிஎன்எஸ் ரெக்கார்டில் டிடிஎல் 86400 இருக்கிறது என்றால், மாற்றிய பிறகும் ஒரு நாள் வரை சிலர் பழைய இடத்துக்கே போவார்கள். எனவே இரண்டு நாள் முன்பே அதை 300-க்குக் குறைத்துவிடுங்கள். மாற்றம் முடிந்து எல்லாம் நிலைத்ததும் பழைய எண்ணையே திரும்பக் கொடுத்துவிடலாம்.