ஆன்மா இருக்கிறதா, அப்பா இருக்கிறாரா?

கேள்வி: அப்பா இறந்து ஏழு மாதம் ஆகிறது. அம்மா அமாவாசைதோறும் விரதமிருந்து காக்கைக்குச் சோறு வைக்கிறார். அண்ணனோ, “உடம்போடு எல்லாம் முடிந்துவிட்டது, இந்தச் சோறு யாருக்கு?” என்று அம்மா முன்னாலேயே கேட்கிறான். இறந்த பிறகும் ஆன்மா இருக்கிறது என்று தத்துவத்தில் யாராவது நிரூபித்திருக்கிறார்களா? அவனுக்கு என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரிக்கு, எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி யாரும் நிரூபிக்கவில்லை. இல்லை என்றும் நிரூபிக்கவில்லை.

உங்கள் அண்ணன் சொல்வதை மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரத்துப் பூதவாதி, அதாவது நிலம், நீர் போன்ற பூதங்களின் சேர்க்கைதான் எல்லாம் என்பவன், சொல்லிவிட்டான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றதையும் கூட்டினால் போதை பிறக்கிறதே, அப்படித்தான் பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. அவை பிரிந்தால் பறையோசை போல அதுவும் கெட்டுவிடும் என்கிறான். கண்ணால் கண்டதே பிரமாணம் (அறிவுக்கு ஆதாரம்), அனுமானம் வேண்டாம் என்பது அவன் கட்சி. “உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?” என்று மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த பதில் இது. ஆனால் இதில் அடிபடுவது ‘கண்டால்தான் நம்புவேன்’ என்ற பிடிவாதம் மட்டும்தான். போதை உவமை அப்படியே நிற்கிறது.

தர்க்கத்துக்குப் பேர்போன பழைய இந்தியத் தத்துவப் பிரிவான நியாய தரிசனக்காரர்கள் இன்னும் ஆழமாகப் போனார்கள். பிறந்த குழந்தை யாரும் சொல்லித் தராமலே பாலைத் தேடுகிறது, முற்பிறவிப் பழக்கம் இல்லாமல் எப்படி என்று கேட்டார்கள். கருவிலேயே குழந்தை விரல் சூப்புவதை இன்று ஸ்கேனில் பார்க்கிறோம். அதனால் இந்த வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை. அவர்களுடைய இன்னொரு வாதம் கெட்டியானது. ஒரு பழத்தைக் கண்ணால் பார்க்கிறேன், அப்புறம் கையால் தொடுகிறேன். ‘பார்த்ததையேதான் தொடுகிறேன்’ என்று அறிவது கண்ணும் அல்ல, கையும் அல்ல. இரண்டுக்கும் பொதுவாக அறிகிறவன் ஒருவன் இருந்தாக வேண்டும். சரி, உடம்பு போன பிறகும் அவன் இருப்பானா? அதற்கு இது மட்டும் போதாது. அந்த ஒருவன் மூளைதான் என்று அண்ணன் சொல்லிவிடலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நியாயம் சொல்லும் முக்தியில் ஆன்மாவுக்கு இன்பமும் இல்லை, துன்பமும் இல்லை, அறிவும் இல்லை. அப்படி ஓர் ஆன்மா என்றென்றும் இருக்கிறது என்று நிரூபித்தாலும் உங்களுக்கு ஆறுதல் கிடைக்குமா? நீங்கள் தேடுவது உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அப்பாவை. ‘ஏதோ ஒன்று மிஞ்சுகிறது’ என்பதற்கும் ‘அப்பா இருக்கிறார்’ என்பதற்கும் நடுவே பெரிய தூரம். வாதங்கள் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியவை. அதை வைத்து இரண்டாவதை நீங்களும் உறுதி சொல்ல முடியாது, அண்ணனும் மறுக்க முடியாது.

அம்மா சோறு வைப்பது வாதத்தில் ஜெயித்து எடுத்த முடிவல்ல. முப்பது நாற்பது வருடம் ஒருவருக்குச் சோறு போட்ட கை அது. அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா முன்னால் அந்தக் கேள்வி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவனும் அப்பாவை இழந்தவன்தான், அதையும் மறக்க வேண்டாம். வாதம் செய்ய ஆசையிருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாக உட்கார்ந்து மணிமேகலையின் 27-ஆம் காதையைப் படியுங்கள். பூதவாதி கடைசியில் வருவான்.